ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

கதவைத் திறந்ததும் வினாகிரியும் உள்ளியும் சேர்ந்து கொதிக்கிற புளிப்பு மணம் மூக்கில் ஏற, அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே என்ன இறைச்சி அவிகிறதோ என்று என் காதுக்குள் முணுமுணுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. ஜெர்மனியில் டோர்ட்முண்டிலிருந்து விடுமுறைக்கு லண்டன் வந்திருக்கிறோம் என்பது எனக்குச் சொல்லப்பட்ட கதை. உண்மையில் அம்மா வீடு பார்க்க வந்திருந்தார். ஐந்து மாதம் முன்பே வந்து வேலையில் சேர்ந்துவிட்ட அப்பா, நல்ல வீடு எடுத்தாயிற்று, நானே சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால், திரும்பிப் போனதும் டோர்ட்முண்ட் வீட்டை விட்டுவிடலாம் என்பது அம்மாவின் எண்ணம்.

வந்து மூன்று நாளாகியும் வீட்டைக் காணோம். சவுத்தாலில் மாமா வீட்டில்தான் தங்கியிருந்தோம். கேட்டால் அங்கே ‘பெயின்ற்’ அடிக்கிறார்கள் என்பார் அப்பா. மறுநாள் கேட்டால் கதவுப் பூட்டின் ‘திறப்பு’ வேறு யாரிடமோ இருக்கிறதென்பார். இந்த மனிசன் எதையோ ஒளிக்குது என்று அம்மா மாமியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அப்பாவின் சட்டைப் பையைக்கூட நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி, அப்பா எங்களைக் கூட்டிப்போன இடம்தான் இந்தப் பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக்கடை. ஆறே மேசைகள், பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் ஆளுயர மரக்கரண்டியும் முள்ளுக்கரண்டியும், பக்கத்தில் யேசுவின் படம். விரத நாளில் இங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, மனைவி பிள்ளையை ஒருநாள் காட்டும்படி கடைக்காரி கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். அது நல்ல பதிலென்று அவர் எப்படி நினைத்தாரோ.

கடைக்காரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அப்பா வாய் திறக்குமுன்பே சோறும், தேங்காய்ப்பாலில் பூசணிக்காயும் பயற்றங்காயும் போட்ட கறியும் கொண்டுவந்து வைத்து, எங்கள் மேசையிலிருந்த மீன் சோஸ் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மற்ற மேசைகளில் அது அப்படியே இருந்தது. அம்மா சோற்றைத் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமை இவர் சைவம் எண்டு இவளுக்கு எப்பிடித் தெரியும்? கேள், பிள்ளை."

அம்மாவுக்கு ஜெர்மன் வரும், ஆங்கிலம் வராது. அப்பா என்னைச் சாப்பிடச் சொன்னார். நான் கேட்டேன். கடைக்காரி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, ஒரு வஞ்சகமும் இல்லாமல் சொன்னார்: பாவம், இவருடைய அறையில் அடுப்பே இல்லையே, நாலு பேருக்கு இரண்டு கட்டில், ஒருவர் ஷிப்டுக்கு எழும்பிப் போக மற்றவர் வந்து படுக்கிறார், ஐந்து மாதமாகச் சாப்பாடு இங்கேதான். பள்ளிக்கூட ஆங்கிலத்தைக் காட்டும் பெருமையில் கட்டிலைக்கூட விடாமல் நான் தமிழில் சொல்லி முடித்தேன். அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பயந்தது வேறு, வெளியே வந்தது வேறு. பிறர் முன்னால் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை அவர்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் வந்திருக்க மாட்டீர்."

"ஓம், வந்திருக்க மாட்டன். உங்களைத் திரும்பி வரச் சொல்லியிருப்பன்."

பிறகு அம்மா அழுதார். அழுதபடியே கையால் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டார். எனக்கு அப்பாமேல் கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தன. டோர்ட்முண்ட் வீட்டை அம்மா விடவில்லை. ஒரு வருடம் கழித்து, வெஸ்ட் ஈலிங்கில் அப்பா உண்மையாகவே எடுத்த வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு பைப்பாகத் திறந்து பார்த்த பிறகுதான் டோர்ட்முண்ட் வீட்டைக் காலிசெய்வதாகக் கடிதம் கொடுத்தார்.

இன்று அந்தக் கடை இல்லை. அந்த இடத்தில் கோப்பி விற்கிறார்கள். கடைக்காரி எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அப்பா வெஸ்ட் ஈலிங் வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மாவின் நகையை, லண்டன் வந்தபின் பிறந்த தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், சந்தேகம் மட்டும் முழுசாக எனக்கு வந்திருக்கிறது. மத்தியானம் போன் எடுத்தால், "நான் சமைச்சுச் சாப்பிட்டிட்டன், பிள்ளை" என்கிறார். நான் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறேன். இதுவரை ஒருநாள்கூட அந்தச் சாப்பாடு மிஞ்சியதில்லை.