ஐந்து மணிப் பசி

இந்தச் சபையில் எத்தனையோ பேர் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல் மாறியது. இன்னொருவருடைய மகன் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, மூன்றாம் நாள் உயிரோடு வீடு வந்தான். நான் சொல்ல வந்தது தின்றதைப் பற்றி. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

என் மனுசனுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. காலையில் எங்கள் ஊர் பாலையூற்றில் இருந்து சைக்கிளில் போவார். பின்னேரம் ஐந்து மணிக்குப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் ஒரு நாளும் பிந்த மாட்டார். வந்ததும் கிணற்றடியில் மேல் கழுவிவிட்டுக் குசினிக்குள்ளேயே பலகையைப் போட்டுச் சாப்பிட உட்காருவார். போன வருடம் வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, போனவர் வரவில்லை. சோதனைச் சாவடியில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதை அவரோடு வேலை செய்கிற ஒருவர் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு கண்டவர் யாரும் இல்லை. நானும் ஒன்பது வயது மகள் ஜெனியும் இராணுவ முகாம் முகாமாக அலைந்தோம். அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை என்றார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஆள் காணாமற்போன வீடு என்னுடையது மட்டுமல்ல. அந்த வீடுகளில் இரண்டு விஷயம் செய்ய மாட்டோம். அவருடைய பங்குச் சோற்றைச் சமைக்காமல் விட மாட்டோம். அழவும் மாட்டோம். அழுதால் செத்த வீடாகிவிடும். யாராவது ஆறுதல் சொல்ல வந்து மூக்கைச் சிந்தினால், "எழும்பிப் போங்கோ, இங்க ஒருத்தரும் சாகேல்லை" என்று வாசலைக் காட்டிவிடுவேன். எனக்கு எப்போதும் கொஞ்சம் வாய் கூட.

ஐந்து மணிக்கு அவருடைய கோப்பையில் சோற்றைப் போட்டு மூடி வைப்பேன். ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் ஒவ்வொன்றாகப் போகும். ஒன்றும் எங்கள் படலையில் நிற்காது. தொண்டைக்குள் என்னவோ ஏறிக்கொண்டு வரும். அது மேலே வராமல் இருக்க ஒரு பிடி சோற்றை எடுத்து விழுங்குவேன். பிறகு இன்னொரு பிடி. கோப்பை வெறுமையானதும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கிடைத்ததை எல்லாம் தின்பேன். சீனி போட்ட தேங்காய்ப்பூ, காலையில் மிஞ்சிய ரொட்டி, கோதுமை மாவைப் பச்சையாகக் கூடத் தின்றிருக்கிறேன். நிவாரண அரிசி மாதம் முடிய முதலே தீர்ந்துவிடும். வயிறு வலிக்கும், நிறுத்த முடியாது. ஊரில் சனம் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது நான் ஊதிக்கொண்டு போனேன்.

சனம் சும்மா இருக்குமா? சங்கக்கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "புருசன் இல்லாத நேரம் வாயும் வயிறுமா நிக்கிறாள் போல" என்றாள், எனக்குக் கேட்கவே சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து ஒரு இறாத்தல் பாண் ரொட்டி முழுவதையும் ஒரே இருப்பில் தின்றேன். செத்துப்போகலாம் என்றும் நினைத்தேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினேன்.

இதற்குள் நான் வெள்ளிக்கிழமை உபவாசக்காரி வேறு! அவர் திரும்பி வர வேண்டும் என்று விடிய இருந்து பச்சைத் தண்ணீரும் குடியாமல் முழங்காலில் நிற்பேன். உங்களுக்கும் தெரியும், என்னைப் போல விசுவாசம் யாருக்கு உண்டு என்று நீங்களே புகழ்ந்தீர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத்தான் நான் ஆக மோசமாகத் தின்றேன். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த விசுவாசத்தை நம்பித்தான் அகதி முகாம் பிள்ளைகளுக்கு வந்த பால்மா டின்னை என் வீட்டு அலுமாரியில் வைத்தீர்கள். முதல் நாள் ஒரு கரண்டி எடுத்தேன். தண்ணீர் விடாமல் அப்படியே வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது கரைகிற வரைக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. இரண்டு கிழமையில் டின்னில் கால்வாசிதான் இருந்தது.

அந்த ஞாயிறு பால்மா பங்கிட டின்னைச் சபைக்குக் கொண்டுபோனபோது, ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்துகிற ரஞ்சி அதைத் திறந்து பார்த்தாள். பிறகு ஜெனியின் சட்டைக் கையைப் பார்த்தாள். அதில் வெள்ளையாக மா ஒட்டியிருந்தது. நான் குசினி நிலத்தில் சிந்தியதை ஒருவர் கண்ணிலும் படாமல் என் பிள்ளை துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். அது எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

"ஜெனி, நீங்களோ எடுத்தது?" என்று ரஞ்சி கேட்டாள்.

ஜெனி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "ஓம் அக்கா, நான்தான்" என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதைவிடக் கேவலமாக, எல்லாரும் பார்க்க அவளுடைய முதுகில் ஓர் அடி வைத்தேன். அவள் அழவில்லை. அழாமல் இருக்க எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியும். சகோதரிகளே, அந்தக் கை இந்தக் கைதான்.

அன்று ஐந்து மணிக்குக் குசினியில் நின்று, அந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவரைத் திருப்பித் தாரும் என்று கேட்காமல் வேறு ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, எனக்குப் பசிக்கவில்லை. பிறகு ஏன் தின்கிறேன்? அதை மட்டும் காட்டும்." பதில் வரவில்லை. நான் தின்றேன். திங்கள், செவ்வாய், புதன், அதே ஜெபம், அதே தீனி. இனிக் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று வெறுத்துப்போனேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ரஞ்சி வந்தாள். உப்புவெளியில் இருந்து அவ்வளவு தூரம், ஊரடங்குக்கு முதல் திரும்பிப் போக வேண்டும், சைக்கிளில் வந்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் வாயில் சோற்றோடு கதவைத் திறந்தேன்.

"அக்கா, ஜெனி ஞாயிறு பள்ளியில குடுக்கிற தன்ர பால் பங்கை இனி வேண்டாமாம். முகாம் பிள்ளையளுக்குக் குடுக்கட்டாம். எனக்கு மனசு கேக்கேல்லை. பிள்ளையை அடிக்காதேங்கோ" என்றாள்.

அந்தச் சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை. வாசலில் துப்பினேன்.

"திண்டது நான்தான் ரஞ்சி. அவ்வளவும் நான்தான் திண்டனான்."

ஐயோ, இனி ஊரெல்லாம் நாறப்போகிறது என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை. மூடி வைத்த கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப உங்களுக்குப் பசிக்குதோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு என்ன செய்யுது?"

நான்கு நாளாக நான் ஆண்டவரிடம் கேட்ட கேள்வியை அவர் அவளுடைய வாயால் என்னிடமே திருப்பிக் கேட்டார். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "அவர் வரேல்லை ரஞ்சி... அவர் இண்டைக்கும் வரேல்லை" என்றேன். ஒரு வருடமாக நான் சொல்லாத வார்த்தை. அதோடு உடைந்துபோனேன். நிலத்தில் விழுந்து, அக்கம்பக்கம் கேட்கக் கத்தி அழுதேன். நான் இவ்வளவு நாளும் சோறு போட்டு அமுக்கி வைத்தது அந்த அழுகையைத்தான்.

ஜெனி ஓடி வந்தாள். என் முகத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, நீங்க அழவேயில்லைத்தானே. அப்பாவை மறந்திட்டீங்க எண்டு நினைச்சனான்" என்றாள்.

அதன் பிறகு எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? மறுநாள் உபவாசக் கூட்டத்தில் உங்கள் முன்னால் எழுந்து நின்று ஜெனியிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களில் இரண்டு பேர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அது நியாயம்தான். டின் வேறு வீட்டுக்குப் போனது. அப்படியே ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் விழுந்தேன். ஆனால் ஐந்து மணிக்கு ரஞ்சியோ வேறொரு சகோதரியோ வந்து என்னோடு அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார்கள். சில நாள் ஜெபித்தோம், சில நாள் அழுதது மட்டும்தான். குசினிக் கதவை இப்போது சாத்துவதில்லை. உபவாசத்தை ஆண்டவரே நிறுத்தச் சொன்னார் என்று நம்புகிறேன், நிறுத்திவிட்டேன். அவருடைய பங்கைச் சமைப்பதை மட்டும் விட முடியவில்லை. நாலரை மணிக்கே ஜெனி அதை முகாமில் ஒரு தாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

என் மனுசன் இன்றுவரை வரவில்லை. இனி வருவாரா என்று எனக்குத் தெரியாது. அப்படி இருந்தும் என் ஜெபம் கேட்கப்பட்டது என்று உங்கள் முன்னால் நின்று சொல்லுகிறேன். என்னை அழவிட்ட ஆண்டவருக்கு நன்றி. உங்களில் யாராவது என்னைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால், தயவுசெய்து கையில் எடுத்ததை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். என்ன செய்கிறது என்று அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டாம், அவருக்கு விளங்கும்.

நேற்றும் ஐந்து மணிக்கு அழுதேன். ஜெனியும் பக்கத்தில் இருந்து அழுதாள். அழுது முடிய, "அம்மா, பசிக்குது" என்றாள். எனக்கும் பசித்தது. உண்மையான பசி. இரண்டு பேரும் ஒரே கோப்பையில் போட்டுச் சாப்பிட்டோம்.