நாற்பத்தேழு சென்டிமீட்டர்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, படகுத்துறைப் படியை அளந்தது. கடல் நன்றாக இறங்கியிருந்த காலை. டேப்பின் நுனியை அவள் படகின் விளிம்பில் அழுத்திப் பிடித்தாள். நான் கீழ்ப்படியில் குந்தி அளவைப் படித்தேன்.

"நாப்பத்தேழு சென்டிமீட்டர்."

"அம்பதுன்னு எழுதுடி."

"நாப்பத்தேழுதாம்மா இருக்கு."

"இன்ஜினியரைப் பெத்தது என் தப்பு. சரி, உள்ளதையே எழுது."

எங்கள் சிறு தீவிலிருந்து பெரிய தீவுக்கு இருபத்திரண்டு வருடம் படகு ஓட்டியவள் அம்மா. கடல் இறங்கிவிட்டால் படகிலிருந்து அந்தப் படிக்கு ஏற அவள் தோள்தான் பிடிமானம். வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், எல்லோருக்கும். போன வருடம் என் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கீழே இன்னொரு படி கட்டித் தரும்படி அம்மா மூன்று மனு கொடுத்தாள். மூன்றுக்கும் ஒரே பதில்: வார்டு உறுப்பினர் மூலம் வரவும். அந்த நாற்காலியோ காலியாகக் கிடந்தது. தேர்தல் வந்ததும் தானே நின்றாள்.

எதிர்த்து நின்றவர் ஐஸ் தொழிற்சாலைக்காரர். இருப்பது ஒரே படகு. அதனால் இருவர் பிரசாரமும் அதில்தான்.

"அக்கா, உங்க படகுலயே என் நோட்டீஸைக் குடுக்கிறேன். கோவமில்லையே?"

"டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல? குடுங்க. கடல்ல மட்டும் போடாதீங்க."

வாக்குச்சாவடி பெரிய தீவில். ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்துவிடும். நாலரைக்குப் படகை அங்கே கட்டியிருந்தபோது, எதிரே எங்கள் கரையில் நான்கு பேர் கையசைத்தார்கள். வேலை முடித்து வந்த ஐஸ் தொழிலாளிகள். யாருக்குப் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அன்று துணைக்கு வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அவள் காதருகே குனிந்தார்.

"எஞ்சின் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எஞ்சினுக்குத் தெரியும். கயித்தை அவுருடா."

மூன்று ஓட்டில் தோற்றாள். நான்கு பேரை ஏற்றி வந்தவள். அந்தக் கழித்தலைச் செய்ய இன்ஜினியர் தேவையில்லை. மாமா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் மறுநாளும் முதல் நடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

புது உறுப்பினர் வெள்ளைச் சட்டையில் வந்து ஏறினார். திரும்பி வரும்போது கடல் இறங்கியிருந்தது. படிக்குக் காலைத் தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. அம்மா தோளைக் கொடுத்தாள்.

ஏறியவர் உடனே போகவில்லை.

"நாலு பேரும் சொன்னாங்கக்கா. நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்களே நினைக்கலையாம்."

"ஓட்டுப் போடப் போறவங்களை விட்டுட்டா வர முடியும்?"

அவர் படியைப் பார்த்தார். "அளந்து எழுதிட்டு வாங்க. முதல் கையெழுத்து என்னுது. திங்கட்கிழமை கூட்டத்துல வச்சிடுறேன்."

வியாழக்கிழமை அளந்தோம். அன்று இரவு படகைக் கட்டிவிட்டு வந்து படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

இன்று காலை படகின் இருக்கைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்த மனுவைக் கண்டெடுத்தேன். நான் எழுதிய நாற்பத்தேழை அவள் திருத்தவில்லை. ஓரத்தில் பென்சிலால் தனக்கென்று குறித்து வைத்திருக்கிறாள்: 'ரெண்டு படி கேக்கணும். ஒண்ணாவது குடுப்பாங்க.'

கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. நாளை திங்கட்கிழமை. மாமா படகை எடுக்கிறார். முதல் நடையில் ஐஸ்காரர் வருவார்.