பின் அடித்த கவர்

“பின் அடிச்ச கவர் குடுத்தா அந்த நோவுதான், பாத்துக்க.” ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் இருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. சர்க்கரை, தைராய்டு ரிசல்ட்டை அப்படியே மடித்துக் கொடுப்போம். பால்வினை நோய்ச் சோதனை என்றால் மட்டும், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, கவரில் போட்டு ஸ்டேப்ளரால் பின் அடிப்போம். ரிசல்ட்டுக்காக என்றாவது இப்படிப் பெஞ்சில் காத்திருந்தவர் என்றால் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: ரத்தம் எடுப்பது சுலபம், காகிதத்தைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

நாலாம் நாள்

ஒரு லாரி டிரைவர். தப்பு நடந்த நாலாம் நாளே எச்.ஐ.வி. சோதனைக்கு வந்துவிட்டார். ‘இல்லை’ என்று வந்தது. மேஜையைப் பார்த்தபடியே சொன்னேன்: தொற்று இருந்தாலும் சோதனையில் தெரியச் சில வாரம் ஆகும், அதனால் இதை நம்பி இருந்துவிடாமல் டாக்டரை இன்றே பாருங்கள், அவர் சொல்லும் நாளில் மறுபடி வாருங்கள் என்று. அவர் முகத்தில் வந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“இல்லைன்னு எழுதிக் குடுத்த பொறவும் வரச் சொன்னா, அப்பறம் எழுத்துக்கு என்னங்க மரியாதை?”

முதல் காகிதம்

மகேஸ்வரிக்கு நாலாம் மாதம். அரவேணு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் சோதனைகளில் சிபிலிஸ் இருக்கிறது என்று வந்தது. கர்ப்ப காலத்தில் நோய் இல்லாமலேயே இந்த முதல் சோதனை இருப்பதாகக் காட்டுவதுண்டு. உறுதி செய்யும் இரண்டாவது சோதனைக்கு ரத்தம் கோயமுத்தூர் போக வேண்டும். நாலு நாள் ஆகும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

“அப்ப இது பொய்யா, மேடம்?”

“இன்னும் தெரியாதுக்கா.”

பின் அடித்த கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தெரியாதுன்னே எழுதியிருக்கலாமே.”

யார் பேரில்

மூன்றாம் நாள் அவள் கணவன் ரவி அந்தக் காகிதத்தோடு வந்தான். அவள் கொண்டுபோன அன்றே, கவரில் பின்னைப் பார்த்ததும் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் வைத்துப் பிரித்திருக்கிறான். அன்று சாயங்காலமே அவளைப் பந்தலூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இனி வரவே கூடாதென்று சொல்லி அனுப்பினானாம். அதை என்னிடம் அவனேதான் சொன்னான். ரிசல்ட் இன்னும் முடிவாகவில்லை, நீங்களும் ஒருமுறை ரத்தம் கொடுங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருந்தது.

“எனக்கு எதுக்குங்க? காகிதம் அவ பேர்ல தானே இருக்கு.”

இரண்டாம் காகிதம்

கோயமுத்தூரிலிருந்து ‘நோய் இல்லை’ என்று வந்தது. மகேஸ்வரிக்குப் போன் செய்தேன். விடியற்காலை பஸ் பிடித்து, துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். அவள் சொல்லி ரவியும் வந்திருந்தான். அவள் கேட்டபடி அவனை வைத்துக்கொண்டே விளக்கினேன். முதலில் வந்தது நோயல்ல. பிரசவத்துக்கு முன் டாக்டர் சொன்னால் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை கவருக்குப் பின் அடிக்கவில்லை.

ரவி சிரித்தான். “அப்ப ஒண்ணுமே இல்ல. வா புள்ள, ஊட்டுக்குப் போலாம். எங்கம்மா உனக்குஞ் சேத்துத்தான் ஆக்கி வெச்சிருக்கு.”

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரவி வீட்டுப் பக்கம் போகும் கோத்தகிரி பஸ்ஸில் முண்டியடித்து ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தான். மகேஸ்வரி கீழே நின்றபடி, கவரிலிருந்த காகிதத்தை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டதும், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால் நின்ற, அம்மா வீட்டுப் பக்கம் போகும் கூடலூர் பஸ்ஸில் ஏறினாள்.