துடைத்து வைத்த கதிரை

என் சட்டத்தரணி கட்டையான பெண்; கண்ணாடி எப்போதும் தலைமேல் ஏறியிருக்கும். அஜின்கோர்ட்டில் இருக்கும் தன் அலுவலகத்தில், நான் சாட்சி சொல்லிப் பழகும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன், யாரும் உட்காராத வெறுங்கதிரை ஒன்றைத் துடைத்து என் முன்னால் வைப்பார்.

"இதுதான் நீதிபதி, அண்ணை. ஜூரி இல்லை. இவர் ஒராள் நம்பவேணும்."

நான் விற்கும் மிளகாய்த்தூளுக்கு இன்னொரு கொம்பனியின் லேபிளைக் கொப்பி அடித்தேன் என்று என்மேல் வழக்கு. திங்கட்கிழமை பெடரல் நீதிமன்றத்தில் விசாரணை. வெள்ளியன்று, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியாக நடித்து, அதே கேள்வியை ஐந்தாம் முறையாகக் கேட்டார்.

"அவையின்ரை லேபிளை முதலே கண்டனீங்களோ?"

"இல்லை."

"கதிரையைப் பாத்துச் சொல்லுங்கோ."

கதிரையைப் பார்த்தேன். "கண்டனான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு புதுத் தாளில் என் சாட்சியத்தை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

வழக்கு முடிந்துவிட்டது. என் பொய் அவருக்கு எந்த நாளிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.