நனையாத படுக்கை

பெரியப்பாவை ஓர் இரவு முழுவதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் பார்த்துவிட்டேன். எதையும் அவ்வளவு சந்தோசத்தோடு ஏற்றுக்கொண்டதில்லை.

சண்டை முடிந்து, இந்திய அகதி முகாமிலிருந்து மன்னார்த் தீவில் எங்கள் ஊரான தோட்டவெளிக்குத் திரும்பி, பூச்சுப் பூசாத புது வீட்டில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒன்றாக இருந்த காலம். பெரியப்பாவுக்கு நடுக்கவாதம். கை நடுங்கும். நடக்கும்போது கால் திடீரென்று நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரவில் சிறுநீர் முட்டினால் அவசரமாக எழும்புவார், கால் நகராது, அதற்குள் இடுப்பில் கட்டிய சாரம் நனைந்துவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறுநீர்ப் போத்தலும் அந்தக் கையில் நிற்காது. பெரியம்மா நிவாரணத்தில் கிடைத்த, தண்ணீர் இறங்காத தறப்பாளை வெட்டி மெத்தைமேல் போட்டு, அதன்மேல் பழைய சேலையை மடித்து விரித்திருந்தார். ஊர் விழிக்குமுன் அந்தச் சேலை தோய்த்துக் கொடியில் கிடக்கும்.

ஒருநாள் காலையில் பெரியம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிள்ளை. பெரியம்மா மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். அப்பா கடலில். அம்மா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் தம்பி பெண்சாதி அந்தப் பக்கம் வந்தாலே பெரியப்பா சாரத்தை இழுத்துச் சரிசெய்கிறவர்.

"வேண்டாம். சின்னவள் நிண்டா காணும்" என்றார்.

சின்னவள் நான்தான். நான் நின்றால் போதுமாம்.

பெரியம்மா ஓட்டோவில் ஒரு காலை வைத்தபடி எனக்குப் பாடம் நடத்தினார். "ராவைக்கு அவர் எழும்ப முதல் நீ எழுப்பு. கால் ஒட்டினா இழுக்காத, விழுந்துபோவார். கைத்தடியைக் காலுக்கு முன்னால குறுக்க வை. தாண்டுவார்."

அன்று பகல் முழுவதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. வழியில் கிடந்த கதிரை, வாளி எல்லாவற்றையும் ஒதுக்கினேன். பெரியப்பாவைக் கட்டிலிலிருந்து முற்றத்து மூலைக் கக்கூஸ்வரை திரும்பத் திரும்ப நடத்தி ஒத்திகை பார்த்தேன். அவர் மறுக்காமல் நடந்தார். கடைசியில், "ஓம் பிள்ளை, எனக்குப் பாடமாயிட்டுது" என்று மட்டும் சொன்னார்.

இரவு, நான் வைத்திருந்த அலாரம் அடிக்குமுன்பே அவரை எழுப்பிவிட்டேன். நான் தூங்கினால்தானே. வாசல்படியில் கால் ஒட்டியது. தடியைக் குறுக்கே வைத்தேன். வாய்க்காலைத் தாண்டுகிறவர்போல் பெரியப்பா காலைத் தூக்கி வைத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

கக்கூஸ் கதவில் ஒரு கழுதை சாய்ந்து நின்றது. மன்னார்க் கழுதைக்கு யார் வீட்டு முற்றமும் ஒன்றுதான். தடியை ஓங்கிக்கொண்டு ஓடி அதை விரட்டினேன். அது வேலிப்பக்கம் பாய்ந்தபோது தடியும் என் கையிலிருந்து நழுவி எங்கோ இருட்டில் போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பெரியப்பா முற்றத்து நடுவில் ஒட்டி நிற்கிறார், சாரத்தைப் பிடித்தபடி. நான் ஓடிவந்து என் காலையே அவருக்குக் குறுக்கே நீட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். தாண்டினார்.

உள்ளே வெகுநேரம் நின்றார். சிறுநீர் போகும் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. எனக்கு அதுவா முக்கியம்? விடிந்ததும் சேலையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அம்மாவிடம், பக்கத்து வளவுப் பிள்ளைகளிடம், கோழிகளிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பெரியம்மா வந்து இறங்கினார். பேத்தி பிறந்த செய்தியைச் சொல்ல அவருக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

"பெரியம்மா, படுக்கை நனையேல்லை! ஒரு துளிகூட இல்லை!"

அவர் நேராகக் கட்டிலடிக்குப் போனார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். வெடித்துப்போயிருந்த உதட்டில் விரலை வைத்தார்.

"நேற்று இவர் என்ன குடிச்சவர்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்டும் குடிக்கேல்லை. தேத்தண்ணி எல்லாம் எனக்குத்தான் தந்தவர்" என்றேன், பெருமையாக.

பெரியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் வைத்துப் பிடித்தார். பெரியப்பா மூச்சு விடாமல் குடித்தார். கழுத்து வழியாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது.

"சின்னப் பிள்ளை... ராவெல்லாம் எழும்பி அவளுக்கேன் கரைச்சல்" என்றார் பெரியப்பா.

"நனைஞ்சா நான் தோய்ப்பன். நீங்கள் காய்ஞ்சுபோனா நான் என்ன செய்யிறது?" என்ற பெரியம்மா, செம்பை நிலத்தில் வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

பேத்தி பிறந்திருக்கிறது; படுக்கையும் நனையவில்லை. இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. என்னைக் கெட்டிக்காரி என்று சொல்ல மறந்துவிட்டாரே என்ற கவலையோடு, அவர் அழுது முடிக்கும்வரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றேன்.