கீழே இறங்கிய முள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு டாக்ஸி ஸ்டாண்டில் ‘நிதானம்’ என்று பெயர். ஐம்பதுக்கு மேல் ஓட்டவே மாட்டார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். இருபத்தாறு வருடம் யார் யார் வண்டியையோ ஓட்டித் தேய்ந்து, ஐம்பத்தொரு வயதில்தான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். சாவியை வாங்கியபோது அந்த மனிதர் அழுததை நான் பார்த்தேன். அதன்பிறகு ஏழு வருடம் அவருக்கு முதலாளி கிடையாது.

நான் மெக்கானிக். ஸ்டாண்டிலிருந்து என் ஷெட் நூறடி தூரம்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை.

எஞ்சினைச் சூடேறாமல் காக்கிற கூலன்ட்டை மாமா மதித்ததே இல்லை. “கலர் தண்ணி” என்பார். அவர் ஓட்டப் பழகிய காலத்து வண்டிகள் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடியவை. அதனால் தினமும் காலையில் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவார். வண்டியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறாராம்! தினமும் குறைகிற தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்கவே இல்லை.

“மாமா, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா அதை மாத்தணும். பச்சையா இருந்தது டீ கலருக்கு வந்துருச்சு. உள்ள துரு பிடிக்குது.”

“ஓடுதுல்ல மாப்ள? ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிற? டீச்சர் காத்துக்கிட்டிருப்பாங்க.”

டீச்சர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவரைக் கூட்டிப்போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது மாமாதான். மற்ற நாட்களில் வேறு சவாரி. வண்டியை அரை நாள் நிறுத்தச் சொன்னால் சொத்தை எழுதித் தரச் சொன்னதுபோல் முறைப்பார்.

அரை நாள்தானே! எஞ்சின் நன்றாக ஆறியபிறகு மூடியைத் திறந்து, அடித் திருகைக் கழற்றிப் பழசை வடிக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அப்புறம் கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றுகிற வடிநீர் பாதி. ஹீட்டரைப் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். ஆறியதும் குறைந்ததை நிரப்பி மூடலாம். அவரைக் கட்டிப்போட்டாவது நான் செய்திருக்க வேண்டும். ஏழு வருடம் வாயால் சொன்னதோடு சரி. நானும் ஒரு மெக்கானிக்!

அன்று நண்பகல். டீச்சரோடு திரும்பும்போது மேம்பாலத்தில் நெரிசல். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. மாமா பதறிப்போய், எஞ்சின் சூட்டை அது வெளியே இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திருகி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வண்டியை மெல்ல உருட்டினார். கொஞ்ச நேரத்தில் முள் மளமளவென்று கீழே இறங்கியது.

“பாத்தீங்களா டீச்சர், அடங்கிருச்சு” என்று சிரித்தாராம்.

எங்கே அடங்கியது? துரு அரித்த ரேடியேட்டர் அடியில் பிய்ந்து, தண்ணீர் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிட்டது. அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. தண்ணீரே இல்லாதபோது அது எதைக் காட்டும்? புதிதாக ஓட்டுகிறவன் பயந்துபோய் அப்போதே ஓரம் கட்டியிருப்பான். முப்பத்துமூன்று வருட அனுபவசாலி முள்ளை நம்பினார். உடம்புக்கு முடியாத டீச்சரை வெயிலில் இறக்கிவிட மனம் வராமல் இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓட்டினார். டீச்சர் வீட்டுக்கு ஒரு தெரு முன்னால் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

ஷெட்டுக்கு இழுத்துவந்து பிரித்தேன். எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்திருந்தது; அதன் உடம்பான பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல். அந்த மாடலுக்கு இப்போது எஞ்சினே கிடைப்பதில்லை. எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், இனி இது தேறாது என்று. மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

“ஒரு பத்து நாள் ஆகும் மாமா.”

பத்து நாளும் காலை ஏழு மணிக்கு வந்து வண்டியைத் துடைத்தார். எஞ்சின் கழற்றிய வண்டியை! நான் வேறு வேலை இருப்பதுபோல் வேறொரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். வெட்கமாக இருந்தது.

பதினோராம் நாள் அவர் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, லைசென்ஸைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நாலு கம்பெனி ஏறி இறங்கிட்டேன் மாப்ள. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல டிரைவரா எடுக்க மாட்டாங்களாம்.”

“மாமா, வண்டி...”

“மொத நாளே தெரியும். நீ பிளாக்கைத் தடவிப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்ல முடியாம தவிச்ச. நான் பாட்டுக்கு வீட்ல இருந்துட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் தினமும் வந்து தொடச்சேன்.”

என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் அல்லவா தட்டியிருக்க வேண்டும்!

“அதை விடு. உங்கக்கா காலையில என் சட்டையை இஸ்திரி போடுறப்போ, வண்டி ரெடியாயிருச்சான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.”

வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.