பின்னால் நடக்கிறவர்கள்

மரக்காணம் உப்பளத்துக் கால்பந்து அணிக்கு அவர்தான் கோச். ஒரு காலத்தில் மெட்ராஸில் பேர் வாங்கிய பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரர். வளைந்த கால்கள், உடைந்த மூக்கு. டீக்கடையில்கூட வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார்.

எழுபதுகளில் ஒரு பொங்கல் போட்டி. நான் பழக்கிய கூனிமேட்டு மீனவப் பையன்களால் அவருடைய பேக்குகளைத் தாண்டவே முடியவில்லை. பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், பின்வாங்கிக்கொண்டே மறித்தார்கள்.

வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு, "எப்பிடிங்க கத்துக்குடுத்தீங்க?" என்றேன்.

"நான் எங்கே கத்துக்குடுத்தேன்ப்பா? பாத்தியில பலகைய இழுத்து உப்பு வார்றப்போ தினம் பின்பக்கமாவேதான நடக்குறானுங்க. பாத்தேன், பேக்குல நிறுத்திட்டேன்."

மறுநாள் காலை என் பையன்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து. அத்தனை வருஷமும் முன்னோக்கி ஓடத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது.